அயோவா வீட்டில் ரேடான் கருவியும் ஃபேனும்: சில குளிர்காலங்கள் கழித்து

அயோவாவில் வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த மாநிலத்தின் 99 கவுன்டிகளும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ரேடான் (மண்ணிலிருந்து வரும் கதிரியக்க வாயு) வரைபடத்தில் அபாயம் கூடிய முதல் மண்டலத்தில்தான் இருக்கின்றன. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மண் இது, அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடானாகி, பேஸ்மென்ட் விரிசல் வழியாகவும், அங்கே தண்ணீர் சேர்வதற்காக இருக்கும் சம்ப் குழி வழியாகவும் வீட்டுக்குள் ஏறிவிடுகிறது. மணமில்லை, நிறமில்லை, இருமல்கூட வராது. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறக்கிறார்கள் என்று அந்த முகமையே கணக்கிட்டிருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

எங்களிடம் இருப்பது ஏர்திங்ஸ் கோரென்டியம் ஹோம். ரேடானை அளக்கும், பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி, போனோடு இணைக்கிற வேலையெல்லாம் இல்லை. பேஸ்மென்ட்டில் பையன் தூங்கும் அறையில் ஓர் அலமாரி மேல் இருக்கிறது. இத்தனை நாள் வைத்திருந்ததில் நான் உறுதியாகச் சொல்வது, ஒரு நாள் எண்ணைப் பார்த்து நிம்மதியும் அடையக்கூடாது, பதறவும் கூடாது. ஜன்னல் திறந்து கிடக்கும் மே மாதத்தில் லிட்டருக்கு 3 பிகோகியூரிக்குக் (காற்றில் ரேடானை அளக்கும் அலகு) கீழே காட்டிய அதே அறை ஜனவரியில் 9-ஐத் தாண்டியது, ஏனென்றால் குளிரில் வீடு முழுக்க மூடியிருக்கும்போது சூடான காற்று மேலே போய் வெளியேற, அந்த இடத்தை நிரப்ப மண்ணுக்கடியில் இருக்கும் காற்றை வீடு உள்ளே இழுக்கிறது. வீடு வாங்கும்போது இரண்டு நாள் வைத்து எடுக்கும் சோதனை அந்த இரண்டு நாளைத்தான் சொல்லும். நீண்டகாலச் சராசரியைப் பாருங்கள். லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தொட்டால் சரிசெய்யச் சொல்கிறது முகமை; உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்கிறது, பிகோகியூரிக் கணக்கில் அது 2.7 தான். பக்கத்து வீட்டில் குறைவு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அடுத்தடுத்த வீடுகளிலேயே எண் வெகுவாக மாறும்.

அப்புறம் ஃபேன், அதாவது தரைக்கடியில் இருக்கும் ரேடான் காற்றை இழுத்து வெளியே தள்ளும் அமைப்பு. விலை கேட்டபோது ஒரு நிறுவனம் தரைக்குப் பெயின்ட் பூசி விரிசலை அடைத்தால் போதும் என்றது, கேட்கவே கோபம் வந்தது, ஏனென்றால் வெறும் அடைப்பை மட்டும் நம்ப வேண்டாம் என்று முகமை தெளிவாகவே சொல்கிறது. மாநில உரிமம் பெற்ற வேறொருவர் பேஸ்மென்ட் தரையில் துளை போட்டு, பிவிசி குழாயை மாடிப்பரண் வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோய், பரணில் ஃபேன் வைத்து, சம்ப் குழிக்கும் காற்றுப் புகாத மூடி போட்டார். அதன்பின் நடுக்குளிரிலும் சராசரி 1.5-ஐத் தாண்டவில்லை. மாடிப் படுக்கையறையில் மெல்லிய இரைச்சல் கேட்கும், பழகிவிட்டது. ஃபேன் இரவும் பகலும் ஓட வேண்டும், அந்த மின்செலவு உண்டு.

குழாயில் ஒட்டியிருக்கும் யு வடிவக் கண்ணாடிக் குழலில் இரண்டு பக்கமும் திரவம் ஒரே மட்டத்தில் நின்றால் ஃபேன் இழுக்கவில்லை என்று அர்த்தம். துணி துவைக்க இறங்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். ஆனால் அது இழுவையை மட்டும்தான் காட்டும், ரேடான் அளவைக் காட்டாது, அதனால் ஃபேன் போட்ட பிறகும் கருவியை எடுத்து வைத்துவிடாதீர்கள். வாடகைக்குத் தரைத்தளத்திலோ பேஸ்மென்ட்டிலோ குழந்தைகளோடு இருப்பவர்கள் குளிர்காலத்தில் ஆய்வகத்துக்கு அனுப்பி அளவைத் தெரிந்துகொள்ளும் ஒரு கரித்தூள் சோதனைப் பெட்டியாவது வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. எண் கூடுதலாக வந்தால் அந்த ஆய்வகத் தாளோடு வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.