ஊட்டியில் குதிரையேற்றம் கற்றுக்கொள்ள இடம் தேடுகிறவர்களுக்கு: கேத்தி பாலாடா பக்கத்து லாயம்

குதிரை மேல் ஏறி ஒரு சுற்று வர வேண்டும் என்றால் ஊட்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை, படகு இல்லம் பக்கம் போய் நின்றாலே குதிரைக்காரர்கள் வந்து கேட்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கூடவே நடப்பார், நாம் போட்டோ எடுத்துக்கொள்ளலாம், அவர் பிழைப்பும் நடக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது சவாரி, பயிற்சி இல்லை. குதிரை ட்ராட்டில் (நடையை விட வேகமான துள்ளோட்டம்) துள்ள ஆரம்பித்ததும் உடம்பு ஒரு பக்கமாகச் சரிகிறது, கால் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) நிற்காமல் முன்னால் போகிறது, கை தானாகவே கடிவாளத்தில் தொங்குகிறது, இதை உட்கார்ந்து பொறுமையாகச் சரிசெய்து கொடுக்க ஆள் வேண்டும் என்று தேடினால் இந்த மலையில் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

இதற்கு முன் நான் பணம் கட்டிய ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) பாடம் என்பதே 'குதிகாலை இறக்கு, குதிகாலை இறக்கு' என்று தூரத்தில் இருந்து கத்துவதுதான். ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த வகுப்பிலேயே தைலமரக் காட்டுப் பாதையில் கூட்டமாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாலாடா லாயத்தை நடத்துகிற அக்கா அங்கேதான் வித்தியாசப்படுகிறார். கேரட் தோட்டங்களுக்கு மேலே, நான்கு குதிரைகள், ஒரு மண் வளாகம், அவ்வளவுதான். பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரமும் வேண்டாம் என்கிறார், அதனால் நானும் பெயர் போடவில்லை. நான் போனதும் முதலில் குதிரையை நிற்கவைத்து, என்னை உட்காரச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்தார். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். எனக்குக் குதிகால் அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. நாற்காலியில் உட்கார்வதுபோல உட்கார்கிறீர்கள், குதிரையைச் சட்டென்று கீழிருந்து எடுத்துவிட்டால் பின்னால் விழுவீர்கள், காலில் நிற்க மாட்டீர்கள் என்றார். அப்புறம் காரணத்தையும் சொன்னார்: முட்டியால் சேணத்தை இறுக்கிப் பிடிப்பதால்தான் கால் மேலே ஏறுகிறது, கால் ஏறினால் குதிகால் எப்படி இறங்கும்?

அதற்கு அவர் தரும் மருந்து நீண்ட கயிறு. லஞ்சிங் என்பார்கள். குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் அவர் நின்றுகொண்டு, 20 மீட்டர் வட்டத்தில் ஓட்டுகிறார். அங்கவடியைக் கழற்றிவிடுகிறார், கடிவாளத்தையும் நம் கையில் தருவதில்லை. குதிரையை ஓட்டும் வேலை அவருடையது, நமக்கு உட்காரும் வேலை மட்டும்தான். கைகளை விரித்து, ஒரு கையைத் தலைமேல் தூக்கி, இடுப்பைத் திருப்பி, வாய்விட்டு எண்களைச் சொல்லி (எண்ணும்போது மூச்சைப் பிடித்து வைக்க முடியாது, மூச்சு நின்றால் இடுப்பும் விறைத்துவிடும்) இப்படியே போகிறது. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், இறங்கியதும் தொடையின் உள்பக்கம் கதறும். வியன்னாவில் இருக்கும் பெரிய ஸ்பானிஷ் குதிரைப் பள்ளியிலும் புதிதாகச் சேர்கிறவர்களை மாதக்கணக்கில் இப்படித்தான், அங்கவடியும் கடிவாளமும் இல்லாமல், கயிற்றில் உட்கார வைக்கிறார்கள். எனவே ஆரம்பக்காரர்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைத்து இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது குதிரையைப் பற்றிய அவர் அக்கறை. வட்டத்தில் ஓடுவது குதிரையின் மூட்டுகளுக்குச் சுமை என்பதால் கயிற்று வேலை 20 நிமிடத்தைத் தாண்டாது, பாதி நேரம் இடப்பக்கம், பாதி நேரம் வலப்பக்கம். தரையில் இருந்து அங்கவடியைப் பிடித்து எம்பி ஏற விடமாட்டார், மரப்படி போட்டுத்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் குதிரையின் முதுகு ஒரு பக்கமாக இழுபடும். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற பொதுவான கணக்கை அவர் உண்மையாகவே கடைப்பிடிக்கிறார், எடையைக் கேட்டுவிட்டுத்தான் குதிரையைத் தருகிறார், சிலரைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். நாம் சமநிலை இழந்து ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்தையும் அந்த முதுகும் அந்த வாயும்தான் தாங்குகின்றன, அதை நினைத்தால் இந்தக் கண்டிப்பு எனக்குக் கொஞ்சமும் அதிகமாகத் தெரியவில்லை.

காலால் இறுக்கிப் பிடித்தால்தான் விழாமல் இருக்க முடியும் என்று நம்புகிறவர்களுக்கு அவர் சொல்வது லிஸ் ஹார்ட்டலின் கதை. டென்மார்க்காரர், போலியோவால் முட்டிக்குக் கீழே கால்களில் அசைவில்லை, குதிரை மேல் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டும். அவர்தான் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ட்ரெஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும்) போட்டியில் வெள்ளி வாங்கினார், பெண்கள் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள அனுமதி கிடைத்த முதல் ஒலிம்பிக்கே அதுதான்.

கயிற்றில் உடம்பு படிந்த பிறகே அங்கவடி திரும்ப வருகிறது. அப்போது ட்ராட்டில் எழுந்து உட்காரும் தாளம்: வட்டத்தின் வெளிப்பக்க முன்காலும் தோளும் முன்னே போகும்போது எழ வேண்டும், பின்னே வரும்போது உட்கார வேண்டும். குனிந்து தோளைப் பார்க்காமல் உடம்பாலேயே அது தெரிய ஆரம்பிக்கும் நாள் நிஜமாகவே சந்தோஷமான நாள். கேண்டரை (ட்ராட்டுக்கு அடுத்த வேக ஓட்டம்) அவர் அவசரப்பட்டுத் தருவதே இல்லை. வேகம் வேண்டும் என்று வருகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருக்கலாம், எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

குறைகளும் உண்டு. வளாகம் ஒரு பக்கம் லேசாகச் சரிவு, கூரையும் இல்லை, ஜூன் ஜூலை மழையில் சேறாகிவிடும், அப்போது வகுப்பு ரத்து. சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் ரத்து செய்தி பல நேரம் நாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது, கோயம்புத்தூரில் இருந்து வண்டி எடுத்து வருகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலைகளில் தரை கல்லாக இருக்கும், பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறார். சேணம் இரண்டு அளவுகளில்தான் இருக்கிறது, உயரமானவர்களுக்கு முட்டி இடிக்கும். ஒரு ஹெல்மெட்டின் தாடைப் பட்டி நைந்திருந்தது, சொன்னதும் அதை எடுத்துவிட்டார், ஆனாலும் போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முக்கால் மணி நேர வகுப்புக்கு 1,000 ரூபாய், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். ஏரிப் பக்கத்துச் சவாரியோடு ஒப்பிட்டால் அதிகம்தான், தனி ஆளாக நின்று சொல்லித்தருவதற்கு நியாயமான விலை. வழுக்காத, சின்னக் குதிகால் வைத்த ஷூ போட்டுப் போங்கள், ஓட்டப்பந்தய ஷூ அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை குதிரைகளுக்கு ஓய்வு, அன்று போகாதீர்கள்.