தார்ப்பாய்க் கடையில் தைத்த தூண்டில் பை

மணப்பாட்டுக் கடற்கரையில் தூண்டில் போட்ட முதல் நாள் மாலையே பையின் ஜிப் போய்விட்டது. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறேன், தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு அறுந்துவிட்டது, இருட்டுவதற்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ஈரக் கையோடு ஜிப்பை இழுத்தால் பாதியில் மணலைக் கடித்துக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். ஜிப்பின் தலை கையோடு வந்துவிட்டது, பை வாயைப் பிளந்தது, அடுத்த அலையில் தூண்டில் முள் டப்பா போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் நான் இருக்கும் பெர்த் நகரில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பை அது. பதினொரு அறைகள், பதினொன்றுக்கும் ஜிப்.

ஊருக்குத் தூண்டில் கொண்டு போக நினைக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்பது ராடு பற்றியும் ரீல் பற்றியும்தான். பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த ஜனவரிப் பயணத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது பைதான். அதனால் அதிலிருந்தே சொல்கிறேன்.

போகும்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்த்திலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. மாறிப் போகிற இடத்தில் என் ராடு வைத்த குழாய் மட்டும் தங்கிவிட்டது. சென்னையில் கவுன்டரில் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொண்டு, முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். குழாய் இரண்டு நாள் கழித்து வந்தது. நான்கு முறை போன் செய்த பிறகுதான் வந்தது. குழாயின் உள்ளேயும் பெயரும் ஊர் முகவரியும் எழுதி வைத்திருந்தேன், வெளியே ஒட்டிய சீட்டு கிழிந்தே போயிருந்தது. முள், கத்தி, குறடு எல்லாம் செக்-இன் பெட்டியில் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். ஈயத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். 140 கிராம் ஈயம் இருபது வைத்தால் 2.8 கிலோ அதிலேயே போய்விடும். தூத்துக்குடியில் வலைச் சாமான் விற்கிற கடைகளில் ஈயமும் தங்கூசி நரம்பும் முள்ளும் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் போன கடையில் ஈயத்தைத் தராசில் நிறுத்தே கொடுத்தார்கள்.

சரி, பைக்கு வருகிறேன். மறுநாள் காலை பஸ் பிடித்து தூத்துக்குடி போனேன். முதலில் கேட்ட இரண்டு பை ரிப்பேர் கடைகளிலும் புது ஜிப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அதே ஜிப், அதே மணல், அதே கதைதான் ஆகும். அப்புறம் மச்சான் சொன்னார், லாரி தார்ப்பாய் தைக்கிறவரிடம் காட்டுங்கள் என்று. உப்பு ஏற்றும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர் அவர். வருடக்கணக்காக உப்போடு மல்லுக்கட்டுகிற கை. அறுபது வயது இருக்கும்.

என் பையை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். தையல் மூலையில் விரலை விட்டு நோண்டினார். ஒரு சிட்டிகை மணல் வந்தது.

“தம்பி, இது பள்ளிக்கூடத்துக்குப் போற பை. கடலுக்கு ஆகாது” என்றார்.

“ஜிப்புக்குப் பதிலா வெல்க்ரோ வச்சிரலாமா அண்ணாச்சி?”

“மணலுக்கு அதுவும் ஆகாது. மொசுமொசுன்னு மண்ண வாங்கிக்கிட்டு ஒட்டாமப் போயிரும். மூடி நீளமா கீழ வரைக்கும் தொங்கணும். ஒரே ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு. குளிர்ல விரலு வெறச்சாலும் கழட்டலாம்.”

அன்று மதியம் முழுக்க அவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். லாரிக்கு வெட்டியது போக மீந்த நீலத் தார்ப்பாய்த் துண்டு. அதில் தைத்த பை ஒரு அடி நீளம், ஒரு சாண் உயரம், கனம் நான்கு விரல். உள்ளே இரண்டே அறைகள். என்னை ஆச்சரியப்படுத்தியது அவர் விளிம்பை மடித்த விதம். வழக்கமாகத் தையல் ஓரத்தைப் பைக்குள்ளே விடுவார்கள், வெளியே பார்க்க அழகாக இருக்கும். இவர் ஓரத்தை வெளியே விட்டு நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டார். உள்ளே வழுவழுவென்று இருந்தது, மணல் ஒளிந்துகொள்ள ஒரு மடிப்புகூட இல்லை.

அப்புறம் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, அதைச் சுற்றிக் கண் என்கிற உலோக வளையம். “அலுமினியக் கண்ணு விலை கம்மிதான், உப்புல பொடிஞ்சிரும். பித்தளை களிம்பு ஏறும், ஆனா நிக்கும்” என்று சொல்லி, மரக்கட்டையில் பையின் அடியை வைத்து, உளியை நிறுத்தி ஒரே அடி. அறைக்கு மூன்றாக ஆறு பித்தளைக் கண்கள். முடிந்ததும் சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றித் தூக்கிப் பிடித்தார். பத்து எண்ணுவதற்குள் வடிந்துவிட்டது. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தேங்கியது. அந்த மூலையில் ஏழாவது கண் ஒன்று போட்டுவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். தோள் நாடா, இடுப்பு நாடா எல்லாம் சேர்த்து 700 ரூபாய். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டே அறை என்றானதும், எதை எடுத்துக்கொள்வது என்று முதல் முறையாக யோசிக்க வேண்டியிருந்தது. அலையில் நிற்கும்போது ஒரு கை எப்போதும் ராடில் இருக்கும், மற்றொரு கை மட்டும்தான் பைக்கு. அந்த ஒரு கை, இருட்டில், பார்க்காமல் எடுக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. வீட்டுத் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து எடுத்துப் பழகினேன்.

முன் அறையில் ஏற்கெனவே கட்டி முடித்த எட்டு லீடர் செட் (முள் கட்டிய நரம்புத் துண்டு), ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில். கவர் மேல் முள்ளின் அளவை மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுவேன். கரையில் நின்று முடிச்சுப் போடுகிற வேலையே கூடாது. ஊளி மீனுக்கு இரண்டு செட்டில் கம்பி உண்டு, அதன் பல்லுக்கு நரம்பு நிற்காது. பின் அறையில் ஈயம், ஐந்தே ஐந்து. ஈயத்தையும் முள்ளையும் ஒரே அறையில் போட்டால், நடக்க நடக்க ஈயம் இடித்து முள்ளின் கூர் மழுங்கிவிடும். உதிரி முள்ளுக்குச் சின்ன டப்பா ஒன்று. ஒரு முறை கடலில் நனைந்த முள்ளை அந்த டப்பாவில் திருப்பிப் போடவே மாட்டேன். அது ஒன்று போதும், ராத்திரிக்குள் மொத்த டப்பாவும் துரு. பழைய மாத்திரைப் புட்டி ஒன்று வைத்திருக்கிறேன், நனைந்தது எல்லாம் அதில்தான். குறடு பைக்கு வெளியே சுருள் கயிற்றில் தொங்கும்.

இரையைப் பையில் வைக்கவே வைக்காதீர்கள். சாளை மீனின் எண்ணெய் ஊறினால் வருடக்கணக்கில் வாடை போகாது. மூடி உள்ள சின்ன டப்பாவை இடுப்பில் தனியாகக் கட்டிக்கொள்கிறேன். மற்ற உதிரிச் சாமான்கள் எல்லாம் மணலில் வாளியில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈயத்தின் எடைக்குத் தகுந்த ஷாக் லீடர் (எறியும் இழுப்பைத் தாங்க முன்னால் கட்டும் தடித்த நரம்பு) இல்லாமல் எறியாதீர்கள். ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, பத்து பவுண்டு தாங்கும் நரம்பு என்பது எல்லா ஊரிலும் உள்ள கணக்கு. 140 கிராம் என்றால் 50 பவுண்டு. எறியும் வேகத்தில் நரம்பு அறுந்தால் அந்த ஈயம் கல் மாதிரி பறக்கும். மணப்பாட்டுக் கரையில் மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். என் பையில் லீடர் சுருள் ஒன்று எப்போதும் கூடுதலாக இருப்பது அதற்காகத்தான்.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டி இருக்கிறது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேட்டின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே ஒரு பக்கம் அலை, மறுபக்கம் ஆற்று வாய். புதுப் பையோடு போன அன்று, கட்டுமரத்துக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிற பெரியவர் ஒருவர் என் எறிதலை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“எதுக்குத் தம்பி அம்புட்டுத் தூரம்? அலை உடையிற எடத்துக்கும் கரைக்கும் நடுவுல மடு கெடக்கு, தண்ணி கருத்துத் தெரியுதா? மீனு அங்க மேயுது. நீங்க அதத் தாண்டி எறியிறீங்க.”

பெர்த்தில் நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. ஊர்க் கடலைப் பார்த்த ஆசையில் மறந்துபோயிருந்தது. மடுவுக்குள் போடுவதற்கு 60 கிராம் ஈயம் போதும். உடனே பையிலிருந்த 140 கிராம் இரண்டையும் வாளிக்கு மாற்றிவிட்டேன், தோளே லேசாகிவிட்டது. அன்று கிழங்கான் மீன் ஒன்பது. மூன்றாம் நாள் அந்தி நேரத்தில், அதே மடுவில், சாளைத் துண்டுக்கு ஒரு பாறை மீன், ஒன்றரைக் கிலோ. முள்ளைக் கழற்றக் குறடைத் தேடவே இல்லை, கை தானாகப் போய் எடுத்தது. பெரியவருக்குத்தான் அந்த மீன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

படகு வைத்துத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கரையிலிருந்து கிடைப்பதே நமக்குப் போதும்.

திரும்பும்போது தூத்துக்குடி விமானத்தில் 15 கிலோதான். மிச்ச ஈயத்தை மச்சான் மகனிடம் கொடுத்துவிட்டேன், அவனுக்கு ஒரு கைத்தூண்டிலும் கட்டிக்கொடுத்தேன். கிளம்பும் முந்தின நாள் பையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயப்போட்டதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது மண் ஒட்டிய விளையாட்டுச் சாமான் இருக்கிறதா என்று பயணிகள் நிரப்பும் அட்டையில் கேட்பார்கள். நான் எப்போதும் ஆம் என்றே எழுதிவிடுவேன். போன முறை பழைய பையின் மடிப்புகளில் இருந்த மணலைத் தூரிகையால் எடுக்க இருபது நிமிடம் ஆனது. இந்த முறை பெர்த் விமான நிலையத்தில் அந்த அதிகாரி மூடியைத் திறந்து விளக்கை அடித்துப் பார்த்தார், கையை உள்ளே விட்டு மூலை மூலையாகத் தடவினார், ஒரு மணல்கூட ஒட்டவில்லை. எங்கே வாங்கியது என்று கேட்டார். எங்கள் ஊரில் தைத்தது என்றேன்.

போன வாரம் இங்கே கடற்கரையில் பையோடு எடுத்த படத்தை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கையில் மீனும் இருந்தது. மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்த ஏழாவது கண்ணு பக்கத்துல நூலு எப்படி இருக்கு? கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி” என்று குரல் பதிவு வந்தது.