சர்வீஸ் முடிந்து வந்த ஸ்பியர்கன், டிரிகரைத் தொடாமலே சுட்டது

சிட்னியில் ஸ்பியர்கன் (தண்ணீருக்கடியில் ஈட்டி எய்து மீன் பிடிக்கும் துப்பாக்கி) வைத்திருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போன மாதம் என் கன்னில் டிரிகர் கொஞ்சம் இறுகியது. நானே கழற்றிப் பார்த்திருக்கலாம். நேரமில்லை என்று ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். 85 டாலர். "இப்போ பட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார்கள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில், ஈட்டியைத் தள்ளும் ரப்பர் பட்டைகளில் முதலாவதை இழுத்து மாட்டினேன். நின்றது. இரண்டாவதைப் பாதி இழுக்கும்போதே படார் என்று ஈட்டி பறந்துவிட்டது. டிரிகர் பக்கம் என் விரலே போகவில்லை. முனை ஆழ்கடலைப் பார்த்து இருந்தது. மச்சான் எனக்கு இடப்பக்கம் மூன்று மீட்டர் தள்ளி மிதந்துகொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

வீட்டுக்கு வந்து பின்னைத் தட்டி மெக்கானிசத்தை வெளியே எடுத்தேன். ஈட்டியின் வால் வெட்டைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி இருக்கிறதே, சியர் என்பார்கள், அதன் விளிம்பில் கோடு கோடாக அரத்தின் தடம். டிரிகர் லேசாக வரட்டும் என்று ராவியிருக்கிறார்கள். ரப்பர்களின் இழுவை முழுவதையும் தாங்குவது அந்த ஒரு விளிம்புதான். அதன் கோணம் மாறினால் பிடி போச்சு. போதாததற்கு உள்ளே மஞ்சள் கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள், மணல் அதில் பருப்பு மாதிரி ஒட்டிக்கிடந்தது. பெட்ரோலிய கிரீஸ் ரப்பரில் பட்டால் ரப்பரும் கெட்டுவிடும்.

கடையில் கேட்டால், "உப்பு அரிச்சிருக்கும்" என்றார்கள். உப்பு அரித்தால் குழி குழியாகத்தான் விழும், நேர்க்கோடாக விழாது.

இந்த வேலைக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். கடலிலிருந்து வந்ததும் கைப்பிடியை அதில் முக்கி, டிரிகரையும் சேஃப்டியையும் ஈட்டிக் கயிற்றைப் பிடித்து வைக்கும் லைன் ரிலீஸையும் அசைத்து உப்பைக் கரைய விடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் சிலிக்கான் ஸ்ப்ரே. அவ்வளவுதான். ரப்பர் மாட்டாமல் ஈட்டியைச் செருகி, க்ளிக் கேட்டதும் பலமாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம், என் கன் இதில் தேறித்தான் கடலுக்கு வந்தது.

கொக்கி தேய்ந்திருந்தால் மெக்கானிசத்தையே முழுதாக மாற்றுங்கள். கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அரம் வைக்கக்கூடாது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் "சுத்தம், அட்ஜஸ்ட்மென்ட்" என்று மட்டும்தான் இருக்கிறது. பணம் இன்னும் திரும்பி வரவில்லை.