பிறையில் மூன்று ஆண்டுகள்: ஒரு தொழில் வழிகாட்டித் தளத்தைப் பிள்ளைகளோடு பயன்படுத்திய அனுபவம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை என்ற ஊரில், ஒரு கோவில் மண்டபத்தின் பின்னறையில், சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில், மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் இணையத்தளம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்த சிறு குழுவினர் எங்களைத் தேடி வந்தார்கள். "பிள்ளைகளோடு பயன்படுத்திப் பாருங்கள், குறை நிறை எதுவானாலும் சொல்லுங்கள்" என்றார்கள். அன்று முதல் மாதத்திற்கு இரண்டு சனிக்கிழமையாவது அதைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

தளத்திற்குள் நுழைந்ததும் வருவது ஆர்வத் தேர்வு. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடுதான் அதற்கு அடிப்படை. கைவேலை, ஆய்வு, கலை, பிறருக்கு உதவுதல், தொழில்முனைவு, அலுவலக ஒழுங்கு என்று மனிதர்களின் ஆர்வத்தை ஆறாக வகுக்கும் கோட்பாடு அது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லும் பிள்ளைக்கு வயது 15. "இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பிடிக்குமா?" என்ற கேள்வி வந்தபோது எங்கள் பெண்பிள்ளைகள் வரிசையாகப் 'பிடிக்காது' என்று அழுத்தினார்கள். ஒருத்தியிடம் காரணம் கேட்டேன். "நான் திருப்புளியைக்கூடத் தொட்டதில்லை, சார். தொடாததைப் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது?" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் 'பிடிக்கும்', 'பிடிக்காது' இரண்டோடு 'செய்து பார்த்ததில்லை' என்ற மூன்றாவது பதிலும் வந்தது. அதை அழுத்தினால் மதிப்பெண் குறைவதில்லை. அந்த வேலையைச் செய்யும் ஒருவரின் ஒரு நிமிடக் காணொளி திறக்கிறது. மூன்று ஆண்டுகளில் இந்தத் தளத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இது என்பேன்.

அதே பெண்ணின் தாயார் ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்திருந்தார். பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து போய் வருகிறவர். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் செமிகண்டக்டர் துறைத் தொழில்நுட்பரைப் பற்றிய பக்கம். தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்த ஒருவரின் படம். அம்மா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே குனிந்து பார்த்தார். "இந்த உடுப்பைத்தானே நான் பதினெட்டு வருடமாகப் போடுகிறேன். இயந்திரம் நின்றுபோனால் நாங்கள் கூப்பிடுகிற ஆள் இவர்தான்" என்றார். மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு அரை மணி நேரம் அவளுடைய கேள்விகளுக்கு அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஏன் நிற்கும், எத்தனை பேர் வருவார்கள், அவர்களில் பெண்கள் உண்டா, என்ன படித்தவர்கள். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் தொடங்கியது 1972-இல். இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்திறங்கிய அந்தக் காலம் தொட்டே நம் வீட்டுப் பெண்கள் அங்கே உற்பத்தி வரிசையில் நின்றிருக்கிறார்கள். அரை நூற்றாண்டு அனுபவம் சமையலறை வரை வந்து, பிள்ளையின் காதுக்கு எட்டாமல் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் அன்று அதை வெளியே கொண்டுவந்தது.

ஆனால் தளம் அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கவில்லை. ஒரு மாணவர், ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். பெற்றோருக்கு அதில் இடமே இல்லை. எங்கள் பகுதியில், இடைநிலைப்பள்ளியின் இறுதி வகுப்பான படிவம் 5 முடித்த பிள்ளை எங்கே சேர்வது என்பதை அந்தப் பிள்ளை தனியாக முடிவு செய்வதில்லை. அம்மா, அப்பா, சில வீடுகளில் தாய்மாமன்வரை உட்கார்ந்து பேசித்தான் முடிவாகிறது. தளம் பிள்ளையை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினால், அது சொல்வது எவ்வளவு சரியாக இருந்தாலும் வீட்டில் எடுபடாது. இதைச் சொல்லிச் சொல்லி, இரண்டாம் ஆண்டில் 'பெற்றோருடன் பார்' என்ற பக்கம் வந்தது. கடவுச்சொல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கும், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பலாம், தமிழிலும் படிக்கலாம்.

தமிழ் வந்த விதம் முதலில் சரியாக இல்லை. வெல்டரைப் 'பற்றவைப்பாளர்' என்று போட்டிருந்தார்கள், அம்மாக்கள் விழித்தார்கள். ஆசாசி (பல்கலைக்கழகத்திற்கு முந்தைய அடிப்படைப் படிப்பு), டிப்ளோமா, போலிடெக்னிக் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துவிட்டதால், விண்ணப்பப் படிவத்தில் மலாய்ப் பெயரைப் பார்த்தபோது இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்கும் தெரியவில்லை. படிவத்தில் என்ன பெயரோ அதையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், விளக்கத்தை மட்டும் தமிழில் சொல்லுங்கள் என்றோம். இப்போது அப்படித்தான் இருக்கிறது.

பழைய தகவல்களும் தொல்லை தந்தன. 2020 முதல் படிவம் 4-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பிரிவினை கிடையாது, பாடத் தொகுப்புகள்தான். படிவம் 3 மாணவர்கள் எழுதிவந்த பிடி3 தேர்வும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. முதல் பதிப்போ "நீ எந்தப் பிரிவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நாட்காட்டியிலும் இதே சிக்கல். படிவம் 5 இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுகள் 2023-இல் ஜூன் 8, 2024-இல் மே 27, 2025-இல் ஏப்ரல் 24 என்று ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்ந்தன. தளம் முந்தைய ஆண்டின் தேதியை வைத்து நினைவூட்டல் அனுப்பியது. இப்படிப்பட்ட தளத்தில் தேதி தவறினால் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டே போய்விடும். தேதிகளை மட்டும் கவனிக்க ஒருவரைத் தனியாக அமர்த்தும்படி இப்போதும் வற்புறுத்துகிறேன்.

பச்சை அடையாளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாடவாரியாக மதிப்பீட்டைப் பதிந்தால், எந்தெந்தப் படிப்புக்குத் தகுதி உண்டு என்று பச்சை நிறத்தில் காட்டும். பல்கலைக்கழகத்திற்கு முந்தைய அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்குப் பச்சை வந்த மாணவன் ஒருவன் இடமே கிடைத்துவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டான். விண்ணப்பிக்கத் தகுதி இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாத மாணவர்களுக்கு ஒதுக்கப்படுவது 10 விழுக்காட்டு இடங்கள்தான். 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது பெரிய ஆறுதல். ஆனால் 7 ஏ எடுத்த பிள்ளையின் கவலை அப்படியேதான் இருக்கிறது. பச்சையை நம்பிய அந்த மாணவனின் வீட்டில் அந்த வாரம் நிலவிய அமைதியை நான் நேரில் பார்த்தேன். பக்கத்துப் பள்ளியிலேயே குறைந்த செலவில் படித்துப் பல்கலைக்கழகம் போக வழி தரும் படிவம் 6, திரையின் அடியில் ஒளிந்துகிடந்தது. அதை மேலே கொண்டுவரச் சொன்னோம்; கொண்டுவந்தார்கள். பச்சை அடையாளத்தின் கீழே 'விண்ணப்பிக்கலாம்' என்ற சொல்லும் இப்போது இருக்கிறது.

ஒரு முறை மட்டும் தளத்தை மூடிவிடலாம் என்று நினைத்தேன். பெற்றோரின் கைப்பேசி எண்ணைப் பதிந்த மூன்றாம் நாளே ஒரு தனியார் கல்லூரியிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. பிள்ளையின் பெயர் சொல்லி, இந்த வாரமே முன்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்களாம். என்னை நம்பித்தான் அந்தத் தாய்மார்கள் எண்ணைக் கொடுத்திருந்தார்கள். குழுவினரை வரவழைத்து, அந்தத் தாய்மார்கள் முன்னிலையிலேயே பேசவைத்தேன். அதன்பின் எண் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டை எண்ணைக் கேட்ட கட்டமும் நீங்கியது. அந்த நேர்மைக்காகத்தான் தொடர்ந்தேன்.

நான் மனமாரப் பாராட்டுவது பாதை வரைபடத்தை. எஸ்.பி.எம்.-இல் டிப்ளோமாவுக்குத் தேவையான மூன்று கிரெடிட் (நல்ல தேர்ச்சி) வராத ஒரு பையன், சென்ற ஆண்டு முடிவு வந்த மறுநாள் மண்டபத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். வரைபடத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். மலேசியத் திறன் சான்றிதழ் 3-ஆம் நிலை வரை போகலாம், 4-ஆம் நிலையில் திறன் டிப்ளோமா, 5-இல் உயர் டிப்ளோமா, அங்கிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கும் வழி உண்டு. கோடு எங்கேயும் அறுந்து நிற்கவில்லை. விரலால் அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே இரண்டு முறை தடவிப் பார்த்தான். "இதை அப்பாவுக்கு அனுப்பலாமா, சார்?" என்று கேட்டான். இப்போது குளிர்சாதனப் பழுதுபார்ப்புப் பயிற்சியில் இருக்கிறான்.

இன்னும் ஒன்று பாக்கி. ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று தளம் காட்டுகிறது. பிறையிலிருக்கும் வீட்டுக்கு, தீவிலுள்ள பாலிக் பூலாவ் போலிடெக்னிக் எவ்வளவு தூரம் என்பது கிலோமீட்டரில் தெரிந்து பயனில்லை. பஸ் உண்டா, எத்தனை மாற வேண்டும், விடுதி உண்டா என்றுதான் கேட்கிறார்கள். இந்த மூன்றையும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். லாரி ஓட்டும் ஒரு தகப்பனார் வாரந்தோறும் வாசலில் நின்று, "விடுதி விவரம் போட்டுவிட்டார்களா, ஐயா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.