எச்₂⁺ கணக்கிட பைஎஸ்சிஎஃப்: பல காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

ஹைட்ரஜன் மூலக்கூறு அயனிக்கு (எச்₂⁺: இரு புரோட்டான், ஒரே எலெக்ட்ரான்) விடை முன்பே கையில் இருக்கிறது. நீள்கோள ஆயங்களில் சமன்பாட்டைப் பிரித்து 1927இலேயே புர்ராவ் தீர்த்துவிட்டார். இன்றைய துல்லியத்தில் அணுக்கரு இடைவெளி 1.997 போர் (அணு அளவுக்கான நீள அலகு), மொத்த ஆற்றல் -0.60263 ஹார்ட்ரீ (ஒரு ஹார்ட்ரீ சுமார் 27.2 எலெக்ட்ரான் வோல்ட்), பிணைப்பின் ஆழம் 2.79 எலெக்ட்ரான் வோல்ட். எந்த மென்பொருளையும் உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

பைஎஸ்சிஎஃப் என்ற குவாண்டம் வேதியியல் மென்பொருள் இலவசம், பைத்தானில் நான்கைந்து வரி எழுதினால் போதும். விண்டோஸில் நேராக ஓடாது, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வேண்டும். எலெக்ட்ரான் ஒன்றே ஒன்று என்பதால் விடை நிலைபெறும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடும் எஸ்சிஎஃப் சுழற்சிக்கே வேலையில்லை. ஆற்றல் அணியை ஒரு தடவை மூலைவிட்டமாக்கியதும் முடிந்துவிடும்.

சிக்கல் உள்ளீட்டில்தான். சார்ஜ் 1 என்று மட்டும் கொடுத்தால் எலெக்ட்ரான் எண்ணிக்கையும் ஸ்பின்னும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். இங்கே ஸ்பின் என்பது இணையாகாத எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை, ஆக 1. காசியன் என்ற மென்பொருளில் ஸ்பின் பெருக்கத்தைக் கொடுத்துப் பழகிய கை 2 என்று போடும், அதுவும் நிற்கும். நிற்கிற பிழை பரவாயில்லை. அலகுப் பிழை சத்தமே போடாது. இயல்பு அலகு ஆங்ஸ்ட்ராம். அலகைச் சொல்லாமல் 2.0 என்று கொடுத்தால் அது 3.78 போர் ஆகிவிடும், ஆற்றல் -0.55 அருகே வந்து நிற்கும், பார்க்க நம்பும்படிதான் இருக்கும். எனவே முதலில் அணுக்கரு விலக்காற்றலைப் பாருங்கள். 2 போரில் 0.5 இருக்க வேண்டும், 0.2646 என்றால் அலகு தவறு.

மென்பொருளைத் தொடுமுன் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. அணுக்கருவுக்கு ஒன்றாக இரு 1எஸ் சார்புகளின் (ஹைட்ரஜன் அணுவின் அடிநிலை அலைச்சார்பு) கூட்டு, அடுக்கெண் (சார்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது) 1, இடைவெளி 2.5 போர். மேற்பொருந்தல் 0.4583, கூலும் தொகையீடு 0.3906, பரிமாற்றத் தொகையீடு 0.2873. பின்னவை இரண்டையும் கூட்டி 1.4583ஆல் வகுத்தால் 0.4648. மொத்த ஆற்றல் -0.5 (தனி அணு) + 0.4 (அணுக்கரு விலக்கு) - 0.4648 = -0.5648. பிணைப்பு வெறும் 1.76 எலெக்ட்ரான் வோல்ட். எங்கே குறைகிறது என்பதை விரியல் விகிதம் (குறியை விட்டு, நிலை ஆற்றலை இயக்க ஆற்றலால் வகுத்தது) காட்டிக்கொடுக்கும். இயக்க ஆற்றல் 0.3827, நிலை ஆற்றல் -0.9476, விகிதம் 2 வர வேண்டிய இடத்தில் 2.476 வருகிறது. எலெக்ட்ரான் மேகம் தேவைக்கு மேல் பரந்து கிடக்கிறது என்று பொருள்.

அந்த 2.476இல் பாதி, அதாவது 1.238தான் சரியான அடுக்கெண். நீளங்களை எல்லாம் அதால் வகுத்தால் இடைவெளி 2.02 போர், ஆற்றல் -0.5865, பிணைப்பு 2.35 எலெக்ட்ரான் வோல்ட். தேடல் நிரல் எதுவும் எழுதாமல் ஒரே வகுத்தலில் இவ்வளவு தூரம் வந்துவிடலாம்!

மீதியைக் கொண்டுவருவது எலெக்ட்ரான் மேகத்தைப் பிணைப்பின் பக்கம் சாய்க்கும் பி சார்பு, அதைச் சேர்ப்பதுதான் முனைவாக்கம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, 6-31ஜி* என்ற பேசிஸ் தொகுதியை (கணக்குக்குத் தயாராக வைத்த சார்புகளின் தொகுப்பு) போட்டுவிட்டு முனைவாக்கம் சேர்த்தாயிற்று என்று நினைப்பது. ஒற்றை நட்சத்திரம் ஹைட்ரஜனுக்கு ஒன்றும் தராது. இரட்டை நட்சத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் நேராக சிசி-பிவிடிஇசட்டில் (cc-pVDZ) தொடங்குங்கள். எஸ்டிஓ-3ஜி இந்த வேலைக்கு ஆகாது. மூலக்கூறுக்கென்று அடுக்கெண்ணை 1.24 ஆக்கி வைத்த தொகுதி அது. தனி அணுவுக்கு -0.4666 தான் தரும். அந்த அணுவைக் கழித்துப் பிணைப்பாற்றல் எடுத்தால் உண்மையைவிடக் கூடுதலாக வரும். மோசமான தொகுதி நல்ல பிணைப்பைக் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். சிசி-பிவிக்யூஇசட்டில் அணு -0.49995, அங்கே இந்தத் தொல்லை இல்லை.

எலெக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் டிஎஃப்டியை எச்₂⁺ பக்கம் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் முடிவு. ஒற்றை எலெக்ட்ரானுக்கு, மற்ற எலெக்ட்ரான்களைச் சராசரிப் புலமாக எடுக்கும் ஹார்ட்ரீ-ஃபாக்கே பேசிஸ் எல்லைக்குள் சரியான விடை. டிஎஃப்டி வகைகளில் ஒன்றான பி3எல்ஒய்பி எலெக்ட்ரானைத் தன்னையே விலக்க வைக்கிறது. சமநிலை இடைவெளியில் அது கண்ணில் படாது. 10 போர் வரை இழுத்தால் -0.5க்கு வர வேண்டிய வளைகோடு அதற்குக் கீழே போய்விடும்.

சோதனை மதிப்போடு ஒப்பிடும்போது மிகத் தாழ்ந்த நிலையிலும் மிஞ்சும் சுழிய அதிர்வாற்றலைக் கழிக்க மறக்கக் கூடாது. 2.79இல் 0.14 போனால்தான் அளவிட்ட 2.65 கிடைக்கும்.

எச்₃⁺ வந்தால் கதை வேறு. எலெக்ட்ரான் இரண்டு, ஹார்ட்ரீ-ஃபாக் -1.300இல் நின்றுவிடும், எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி நடப்பதையும் கணக்கில் எடுக்கும் முழு சிஐ போட்டால் -1.3438 நோக்கி இறங்கும். வடிவம் 1.65 போர் பக்கமுள்ள சமபக்க முக்கோணம். மூன்று அணுக்களையும் ஒரே கோட்டில் வைத்துத் தொடங்கினால் ஆற்றல் குறைந்த வடிவத்தைத் தேடும் உகப்பாக்கம் கடைசிவரை கோட்டிலேயே கிடக்கும், ஏனென்றால் பக்கவாட்டில் விசையே இல்லை. ‘முடிந்தது’ என்று செய்தியும் வரும். அதிர்வெண் கணக்கிட்டால்தான் கற்பனை எண் எட்டிப் பார்க்கும், அந்த வடிவம் நிலையற்றது என்பதன் அடையாளம் அது. நடு அணுவை 0.1 போர் தள்ளி வைத்துத் தொடங்குங்கள், தானாக மடங்கி முக்கோணமாகிவிடும்.