10 குமிழ் அகலத்தில் ஒரு குட்டி யானை: எந்த ஸ்டீயரிங், எந்த சஸ்பென்ஷன்?

லெகோ கட்டைகளில் சின்னக் கார் கட்டுகிறவர்களில் பலர் ஃபெராரியும் போர்ஷேயும் கட்டுகிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் பிள்ளைகளைக் கேட்டால் வேறு வண்டிகளைச் சொல்வார்கள். ஐஸும் மீன் பெட்டியும் ஏற்றி விடியற்காலையில் பாலம் தாண்டுகிற குட்டி யானை, லோடு ஆட்டோ, 2017-இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறக்கும் வரை தனுஷ்கோடி மணலில் ஆளேற்றிப் போன வேன். இவை எதற்கும் கடையில் பெட்டி கிடைக்காது. நாமேதான் வடிவமைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், வண்டிகளுக்கு ஓட்டம் குறைவு, நடுவே பள்ளிக்கும் லீவு வரும். வண்டியைப் பக்கத்தில் நின்று அளந்து பார்க்க அதைவிடத் தோதான காலம் கிடையாது.

ஆகவே குட்டி யானையையே எடுத்துக்கொள்கிறேன். 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ்: நீளம் 3800 மி.மீ., அகலம் 1500, முன்பின் சக்கர இடைவெளி 2100, டயர் 145 ஆர் 12, அதாவது ஏறக்குறைய 54 செ.மீ. விட்டம். முன்சக்கரம் திரும்ப வேண்டும், மேடுபள்ளத்தில் நாலு சக்கரமும் தரையைத் தொட வேண்டும், அத்தனையும் கையால் இயங்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு வழியையும் எடை போடப் போகிறேன்.

முதலில் டயர், பிறகு அளவு

அளவை முடிவு செய்துவிட்டு டயர் தேடுகிறவர்களே அதிகம். எதிர்த் திசையில் போவதுதான் சரி. லெகோ டயர்கள் குறிப்பிட்ட விட்டங்களில்தான் வருகின்றன. பெரும்பாலான டயர்களின் பக்கச் சுவரிலேயே அளவு பொறித்திருக்கும். ஏஸின் 54 செ.மீ. டயருக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

24 மி.மீ. டயர் போட்டால் வண்டி 8 குமிழ் (கட்டையின் மேலே உள்ள புடைப்பு) அகலம், சுமார் 1:23, அதாவது அசலில் 23-இல் ஒரு பங்கு. லெகோவின் ஸ்பீட் சாம்பியன்ஸ் கார்கள் 2020 முதல் இந்த அகலத்தில்தான் வருகின்றன. அவற்றில் ஸ்டீயரிங் கிடையாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு குமிழ் 8 மி.மீ., மொத்த அகலம் 64 மி.மீ. இரண்டு டயர்களின் தடிமனும் சேர்ந்து 24 மி.மீ. எடுத்துக்கொண்டால் நடுவில் 40 மி.மீ. மிஞ்சும். சக்கரம் திரும்ப அதிலும் பங்கு கேட்கும். பார்வைக்கு அழகான வண்டி வரும். இயக்கத்துக்கு இடம் வராது.

43.2 மி.மீ. டயர் என்றால் 1:12.5. அகலம் 1500-ஐ 12.5-ஆல் வகுத்தால் 120 மி.மீ., அதாவது சரியாக 15 குமிழ். ஒற்றைப்படை எண் என்பதால் டெக்னிக் பீம்களோடு (இயந்திர அமைப்புகளுக்கான, துளைகள் உள்ள லெகோ சட்டங்கள்) இழுபறி இல்லை. ரேக் அண்டு பினியன் (பல் பட்டையும் அதை நகர்த்தும் கியரும்), ஸ்பிரிங், எல்லாம் தாராளமாக உட்காரும். ஆனால் வண்டி 30 செ.மீ. நீளம் ஆகிவிடும். 1:18-இல் கட்டுவதைவிடப் பரப்பு இரண்டு மடங்கு, கன அளவு மூன்று மடங்கு. வளைகுடாவிலிருந்து மாமா வரும்போது ஒரு பெட்டி வந்தால்தான் கட்டை என்று இருக்கிற பிள்ளைக்கு இது கட்டுப்படியாகாது.

நடுவில் 30.4 மி.மீ. டயர், 1:18. அகலம் 83 மி.மீ.; 10 குமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். நீளம் 26 குமிழ், சக்கர இடைவெளி 15. டயர் 14 மி.மீ. தடிமன், அசலுக்கு 8 போதும் என்பதால் வண்டி கொஞ்சம் தடித்த காலோடு நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சிறிய வண்டி, இயங்கும் வண்டி என்ற இரண்டு ஆசைகளும் சந்திக்கிற இடம் இதுதான். இனி வருவதெல்லாம் இந்த அளவை வைத்தே.

ஒரு சங்கடம் உண்டு. 10 இரட்டைப்படை, டெக்னிக் சட்டம் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் நடுக்கோடு பிடிக்கும். நடுவில் ஒரே குமிழ் உள்ள 1×2 ஜம்பர் பிளேட் அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ. தள்ளிக் கொடுக்கும். உடலும் சட்டமும் சேரும் இடமெல்லாம் அதைப் போடுங்கள். உயரத்தில் சிக்கல் வேறு மாதிரி. துளைக் கட்டையின் உயரம் 9.6 மி.மீ., பீம் துளைகளின் இடைவெளி 8. ஒரு துளைக் கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு பிளேட் வைத்தால் 9.6 + 6.4 = 16; துளைகள் மறுபடி நேராகும். இந்த ஒரு கணக்கு கைவசம் இருந்தால் முக்கால்வாசிச் சிக்கல் தீரும்.

ஸ்டீயரிங்: நாலு வழி

எளிய வழி, முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரே பின்னில் (துளையில் செருகும் ஆணியில்) சுழல விடுவது. நாலு சக்கர டிராக்டர் டிரெய்லரின் முன்பக்கம் அப்படித்தான் திரும்பும். டிரெய்லர் கட்டினால் இதுவே அசல். ஏஸுக்கு ஒத்து வராது. சக்கரத்தின் மையம் நடுக்கோட்டிலிருந்து 32 மி.மீ. தள்ளி இருக்கிறது. 30 பாகை திருப்பினால் ஒரு சக்கரம் 16 மி.மீ. முன்னே போகும், இன்னொன்று 16 மி.மீ. பின்னே வரும். மட்கார்டில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு குமிழ் வெட்ட வேண்டும். வெட்டினால் கேபின் கதவே இருக்காது.

அடுத்தது, பெரிய டெக்னிக் கார்களில் பார்க்கிற ரேக் அண்டு பினியன். 8 பல் கியர் ஒரு முழுச் சுற்றுக்கு ரேக்கை 25 மி.மீ. நகர்த்தும். சக்கரத்தைத் திருப்பும் கை 2 குமிழ் நீளம் என்றால் 30 பாகைக்கு 8 மி.மீ. நகர்ந்தால் போதும், கால் சுற்றுக்குக் கொஞ்சம் மேல், மூன்றில் ஒரு பங்கு. கையில் நிதானம் கிடைக்கும், திருப்பிய இடத்தில் நிற்கும். இதன் விலை உயரம். ரேக், அதன் மேல் கியர், கியரின் அச்சைப் பிடிக்கச் சட்டம் என்று அடுக்கினால் டிரைவர் சீட்டு கூரைக்குப் போய்விடும். ஏஸில் கேபின் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மூக்கு நீண்ட அம்பாசடர் கட்டுகிறவர் பானெட்டுக்குள் ரேக்கை மறைத்துவிடலாம்; நமக்கு அந்த மறைவிடம் இல்லை.

மூன்றாவது, கூரையில் கையால் திருப்பும் ஒரு திருகி, அதிலிருந்து செங்குத்தாக ஓர் அச்சு, அடியில் ஒரு கை, கையிலிருந்து டை ராடு (முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பும் குறுக்குக் கம்பி). கியரே இல்லை. 30 பாகை திருகினால் 30 பாகை திரும்பும். உழைப்பு குறைவு, ஓட்டிப் பார்க்கச் சுகம். ஆனால் அந்த அச்சு கேபினின் நட்ட நடுவே இறங்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இடையே ஒரு கறுப்புக் கம்பி நிற்கும். கூரையில் சைரன் விளக்கு உள்ள ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப் என்றால் விளக்கையே திருகியாக்கிவிடலாம். சரக்கு வண்டிக்கு இது உறுத்தல்.

நான் கைகாட்டுவது நாலாவதை: நெம்புகோல். டை ராடு முன் அச்சுக்குப் பின்னால் இருக்கட்டும். அதன் நடுப்புள்ளியில் ஒரு 11 துளை பீமின் முன்நுனியைக் கோர்த்து, பீமின் ஆறாவது துளையில் ஒரு பின்னைச் செருகிச் சட்டத்தில் ஊன்றிவிடுங்கள். பீம் கேபினுக்கு அடியிலேயே படுத்து ஓடி, பின்நுனி சரக்குத் தொட்டிக்குக் கீழே வந்து நிற்கும். தொட்டியின் தரையில் குறுக்கே ஒரு காடி விட்டு, அந்த நுனியின் மேல் ஒரு நீலநிற மீன் பெட்டியை மாட்டிவிட்டால் முடிந்தது. பெட்டியை இடப்பக்கம் தள்ளினால் டை ராடு வலப்பக்கம் போகும். ராடு அச்சுக்குப் பின்னால் இருப்பதால் சக்கரம் இடப்பக்கம் திரும்பும். கை போகிற பக்கமே வண்டி போகும், கூரையில் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது. 40 மி.மீ. கை 8 மி.மீ. பக்கவாட்டில் போகும்போது நுனி முன்பின்னாக விலகுவது 1 மி.மீ.க்கும் குறைவு. ஆனால் டை ராடும் அச்சை நோக்கி 2 மி.மீ. அளவு நகரும்; பின்களில் இருக்கிற ப்ளே (லேசான தளர்வு) மட்டும் போதாது, கோர்க்கும் இடத்தில் முன்பின்னாகக் கொஞ்சம் நகர இடம் விடுங்கள். குறை என்னவென்றால், ரேக்கைப் போல இறுக்கமாக நிற்காது. உராய்வுப் பின் போட்டு ஊன்றினால் ஓரளவு நிற்கும்.

எந்த வழியானாலும் முன்னால் ஒரே கணக்குதான். 14 மி.மீ. டயருக்கு உள்ளே கிங் பின்னை (சக்கரம் திரும்புகிற செங்குத்து ஆணியை) நுழைக்க முடியாது. நடுக்கோட்டிலிருந்து 2 குமிழ் தள்ளித்தான் வைக்க முடியும். சக்கரத்தின் மையம் அதிலிருந்து 16 மி.மீ. வெளியே. ஆகவே ஃபுல் கட் அடிக்கும்போது சக்கரம் முன்னும் பின்னும் 8 மி.மீ. அலையும்: மட்கார்டில் ஒவ்வொரு பக்கமும் ஒரு குமிழ் இடைவெளி. டயரின் உள்மூலை நடுக்கோட்டிலிருந்து 16 மி.மீ. வரை வந்துவிடும், ஆகவே அந்த இடத்தில் நடுச் சட்டம் 3 குமிழுக்கு மேல் அகலம் ஆகக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இல்லாத வண்டி பாதி திரும்பி நின்றுவிடும்.

அக்கர்மன் ஸ்டீயரிங் வேண்டாமா என்று ஆர்வமுள்ளவர்கள் கேட்பார்கள். 1818-இல் லண்டனில் அக்கர்மன் குதிரை வண்டிக்குக் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில் உள்சக்கரம் கூடவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பும். நம் வண்டியில் உள்சக்கரம் 30 பாகை என்றால் வெளிச்சக்கரம் 26.6 பாகை திரும்பினால் சரி. வித்தியாசம் மூன்றரைப் பாகை. பின்களின் ப்ளேயே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். 15 குமிழ் வண்டியில் பாருங்கள், இங்கே வேண்டாம்.

சஸ்பென்ஷன்: ஸ்பிரிங், ரப்பர், ஆடும் அச்சு

பாம்பனில் ஒரு குட்டி யானைக்காரரிடம் கேட்டேன்: “அண்ணே, முன்னாடி அச்சு ஒரே கட்டையா, தனித்தனியா?” “ஒரே கட்டைதான் தம்பி. குனிஞ்சு பாரு, லாரி மாதிரி பட்டை போட்டிருக்கும்.” குனிந்தால் தெரிகிறது: முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங். காரில் உள்ளதுபோல் ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்குவதில்லை. மாதிரி வண்டிக்கு இது பெரிய வரம்.

ஸ்பிரிங் வைத்த டெக்னிக் ஷாக் அப்சார்பரில் பரவலாகக் கிடைக்கும் சிறியது ஆறரைக் குமிழ் நீளம், 52 மி.மீ. நிறுத்தி வைத்தால் கேபின் கூரையை எட்டப் பார்க்கும். படுக்க வைத்தால் நெம்புகோலோடு மோதும். அதோடு, அதன் சுருள் இரும்பு. மண்டபத்திலும் தொண்டியிலும் ஜன்னலோரம் வைத்த எந்த இரும்பும் உப்புக் காற்றில் துரு ஏறும். ரப்பர் இணைப்புத் துண்டுகள் சின்னவை, மெத்தென்று அமுங்கும், 10 குமிழில் உட்காரும், துருவும் பிடிக்காது. ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். இந்த வெயிலுக்கு அது சீக்கிரம் பிசுபிசுத்து அறுந்துவிடும்.

ஸ்பிரிங்கே இல்லாத வழிதான் எனக்குப் பிடித்தது. முன் அச்சின் நடுவில் முன்பின்னாக ஒரு பின். அச்சு இருபக்கமும் ஊஞ்சலாடும். பின்சக்கர அச்சு அசையாது. ஆக வண்டி தரையில் ஊன்றுவது மூன்று புள்ளிகளில்: பின்சக்கரங்கள் இரண்டு, முன்னால் அந்தப் பின். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல, நாலு சக்கரமும் எப்போதும் தரையில் இருக்கும். டிராக்டர்களின் முன் அச்சும் இப்படித்தான். சக்கரம் 4 மி.மீ. ஏறி இறங்க 7 பாகை ஆட்டம் போதும். கம்பளி விரிப்பு, சிமெண்ட் தரையின் வெடிப்பு இரண்டுக்கும் அது தாங்கும். அமுங்குகிற சுகம் கிடைக்காது என்பது உண்மைதான்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நெம்புகோல் டை ராடைப் பிடிக்கும் புள்ளி, அச்சு ஆடுகிற பின்னின் உயரத்திலேயே இருக்கட்டும். மேலேயோ கீழேயோ போனால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகக் கொஞ்சம் வெட்டும்.

மோட்டார் வைக்கலாமா?

லெகோவின் மோட்டாரும் பேட்டரிப் பெட்டியும் சரக்குத் தொட்டியை முழுசாக விழுங்கும். 12×10 மி.மீ. தடிமனுள்ள என்20 கியர் மோட்டார் நுழையும். ஆனால் அதன் தண்டை லெகோ அச்சோடு இணைக்கத் தனித் துண்டு செய்ய வேண்டும், பேட்டரி கனமும் சேரும். ஓடுவதைப் பார்க்க ஆசை இருப்பவர் 15 குமிழுக்குப் போகட்டும். சின்ன வண்டியில் கைதான் நல்லது. பாம்பன் பழைய ரயில் பாலத்தின் ஷெர்சர் வகைத் தூக்கு இறக்கையை 1914 முதல் ஆட்கள் நெம்புகோல் தள்ளித்தான் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்கு இணைப்பு மின்விசையால் செங்குத்தாக எழும்புகிறது. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைக்குக் காட்ட, எனக்குப் பழைய பாலமே போதும்.

கட்டை வாங்கும்போது

பெயர் தெரியாத மலிவுக் கட்டைகள் உடல், கூரை, தொட்டிக்குத் தாராளமாக ஆகும். பின், அச்சு, கியர், டை ராடு கோர்க்கும் துண்டு ஆகியவற்றை அசலில் வாங்குங்கள். பின் லூசாக இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். வெள்ளைக் கட்டைகளை வெயில் படும் அலமாரியில் வைத்தால் மஞ்சளாகும். அசல் குட்டி யானை வெள்ளையாக இருந்தாலும் பிள்ளையின் வண்டிக்கு நீலமோ சிவப்போ எடுக்கலாம். கடற்கரையில் ஓட்டியே தீருவேன் என்று அடம் பிடித்தால் விட்டுவிடுங்கள். ஆனால் அன்றைக்கே பிரித்து, 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். பின் துளைக்குள் ஒரே ஒரு மணல் பருக்கை இருந்தாலும், திருப்பும்போது நறநறவென்று கையிலேயே தெரியும். அது துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும்.

முதல்முறை வடிவமைக்கிறவருக்கு நான் குட்டி யானையைக்கூடச் சொல்ல மாட்டேன். மூன்று சக்கர லோடு ஆட்டோவில் தொடங்கட்டும். முன்னால் ஒரே சக்கரம், செங்குத்து அச்சு, அச்சின் தலையிலேயே ஹேண்டில் பார். திருகியை ஒளிக்க வேண்டாம், டை ராடு வேண்டாம். மூன்று சக்கரம் எப்படியும் தரையில் ஊன்றும், சஸ்பென்ஷனும் வேண்டாம். அது ஒழுங்காகத் திரும்பிய பிறகு 11 துளை பீமையும் நீல மீன் பெட்டியையும் எடுக்கலாம்.