பினியன் சீல் மாற்றம்: பழைய கிரஷ் ஸ்லீவா, புதியதா?

பின் டிஃபரன்ஷியலில் பினியன் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியை உள்ளே கொண்டுசெல்லும் சிறு பல்சக்கரத் தண்டு) சீல் ஒழுகினால், கழற்றும் முன் பிரீதரை, அதாவது காற்றுப்போக்கியை, பாருங்கள். அது சேறடைத்திருந்தால் சூடான ஆயிலின் அழுத்தம் புது சீலையும் தாண்டி வெளியேறும்.

கிரஷ் ஸ்லீவ் என்பது பினியனின் இரு பேரிங்குகளுக்கு இடையே இருக்கும் குழாய்; நட்டை இறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும். பழைய ஸ்லீவை வைத்தே முடிப்பது ஓரிரு மணி நேர வேலை. வீல், பிரேக் டிரம் இரண்டையும் கழற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையைச் சிறிய டார்க் ரெஞ்சில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பினியன் நட், பினியன் முனை, ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் பொருந்தும் தட்டு) மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் குறியிடுங்கள். நட்டையும் ஃபிளாஞ்சையும் பழைய சீலையும் கழற்றி, புது சீலைத் தட்டி ஏற்றி, உதட்டில் கிரீஸ் தடவி, நட்டைக் குறி வரை கொண்டுவந்து மீண்டும் அளக்க வேண்டும். பழைய அளவைவிட இம்மி கூடினால் போதும். ஃபிளாஞ்சில் சீல் ஓடும் இடத்தில் நகம் சிக்கும் பள்ளம் இருந்தால், புது சீலும் ஒழுகும், ஃபிளாஞ்சையே மாற்றுங்கள்.

புது ஸ்லீவ் என்றால் முன்பக்க பேரிங்கையும் எடுக்க வேண்டும். ஸ்லீவ் நசுங்கவே பெரும்பாலும் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவை. ஃபிளாஞ்சைப் பிடிக்க நீண்ட கம்பி வேண்டும். சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். அளவு மிஞ்சினால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, அந்த ஸ்லீவ் வீண்.

பினியனில் ஆட்டமோ இரைச்சலோ இல்லையென்றால் முதல் வழியே சரி. ஆட்டம் இருந்தால் பேரிங்கோடு ஸ்லீவையும் மாற்றுங்கள். நசுங்கும் ஸ்லீவுக்குப் பதில் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்த டிஃபரன்ஷியலில் இந்தத் தலைவலியே இல்லை; மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கினால் போதும்.